செனகல் வீட்டுக்கு வந்த புதுப் பிள்ளைகள்

கையில் கல்லூரிப் பட்டம் இருக்கும். சிலரிடம் முதுகலைப் பட்டமும் இருக்கும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில், முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்தின் வாசலில் பெட்டியோடு இறங்கியதும் அந்த அமெரிக்க இளைஞருக்கு எதுவுமே தெரிவதில்லை. பெரியவர் எதிரே வந்தால் என்ன சொல்ல வேண்டும், நீட்டும் பொருளை எந்தக் கையால் வாங்க வேண்டும், சாப்பாட்டுக்கு எங்கே உட்கார வேண்டும், கழிப்பறைக்கு எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்? எல்லாவற்றையும் அந்த வீட்டின் நான்கு வயதுப் பிள்ளை கைபிடித்துச் சொல்லிக் கொடுக்கும்.

இப்படி வந்து இறங்குபவர்கள் பீஸ் கோர் தொண்டர்கள். அதிபர் ஜான் கென்னடி 1961 மார்ச் 1 அன்று ஓர் ஆணையில் கையெழுத்திட்டுத் தொடங்கிய அமெரிக்க அரசு அமைப்பு அது. இதில் சேருபவர்கள் இரண்டு ஆண்டுகள் வேறொரு நாட்டில் ஊரோடு ஊராகத் தங்கி, பள்ளியிலோ வயலிலோ சுகாதார நிலையத்திலோ வேலை பார்ப்பார்கள். செனகலுக்கு 1963 முதல் வந்துகொண்டிருக்கிறார்கள். பணியில் சேரும் முன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பயிற்சி. தலைநகர் டக்காரிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தியெஸ் நகரில் பயிற்சி மையம் இருக்கிறது. மரம் நடுவது, காய்கறித் தோட்டம் போடுவது, மலேரியாவைத் தடுப்பது என்று அங்கே பாடங்கள் நிறைய. ஆனால் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியில் உண்பதும் உறங்குவதும் சுற்றுவட்டாரக் குடும்பங்களோடுதான்.

மையத்தில் கற்றுத் தருவதில் பாதியை ஒரு நல்ல புத்தகமும் கற்றுத் தந்துவிடும் என்பது என் எண்ணம். அந்த வீட்டு அம்மா கற்றுத் தருவதை எந்தப் புத்தகமும் தராது. பயிற்சி என்று எல்லோரும் பேசும்போது அந்த அம்மாவைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வேம்பும் கம்பும்

செனகல் வீடு என்றால் ஒரு சுற்றுச்சுவர், நடுவில் மணல் முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். தாத்தா, பாட்டி, அண்ணன் தம்பிகள், அவர்கள் மனைவிமார், பேரப்பிள்ளைகள் என்று ஒரே சுவருக்குள் பதினைந்து இருபது பேர் இருப்பது அங்கே சாதாரணம். முற்றத்தில் ஒரு மரம் நிற்கும். பல வீடுகளில் அது வேப்பமரம். நம் மண்ணின் வேம்பை 20-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். வறண்ட மணலில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. இன்று செனகலின் தெருக்களிலும் முற்றங்களிலும் பகல் நேர நிழலில் பெரும்பங்கு அதனுடையதுதான்.

வந்தவருக்குத் தனி அறை உண்டு. கதவுக்குப் பூட்டு, கட்டிலுக்குக் கொசுவலை, இரண்டும் பீஸ் கோர் விதிப்படி கட்டாயம். பயிற்சியாளரின் சாப்பாட்டுச் செலவுக்கு அமைப்பு ஒரு தொகை தருகிறது. பயிற்சி தொடங்கும் முன் குடும்பத்தாரை அழைத்து, இவர்களுக்குக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ தண்ணீர் கொடுங்கள், கொஞ்ச நாள் வயிறு சரியாக இருக்காது, ஏதாவது புரியவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

விடிந்ததும் முதலில் கேட்பது மணலைப் பெருக்கும் சத்தம். வீட்டுப் பெண்கள் குனிந்து முற்றத்து மணலைக் கோடு கோடாகப் பெருக்கிவிடுவார்கள். பிறகு உரலில் உலக்கை விழும் சத்தம். கம்பு இடிக்கிறார்கள். அதை மாவாக்கி, உருட்டி, ஆவியில் வேகவைத்து உதிரியாக எடுத்தால் இரவு உணவு. இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்து ஆசைப்பட்டு உலக்கையை வாங்கும் அமெரிக்கப் பெண், பத்து குத்துக்குள் உள்ளங்கையில் கொப்புளத்தோடு திருப்பிக் கொடுப்பாள். முற்றமே சிரிக்கும். துணி துவைப்பதிலும் அதே கதை. செனகல் பெண்கள் இரண்டு கைக்கும் நடுவே துணியைத் தேய்க்கும்போது ஒரு தனிச் சத்தம் வரும். புதிதாக வந்தவருக்கு அந்தச் சத்தம் வராது, விரல் முட்டிகளில் தோல்தான் உரியும். பக்கத்தில் இருக்கும் தங்கை பேசாமல் வாளியைத் தன் பக்கம் இழுத்து மறுபடி துவைத்துக் கொடுப்பாள்.

இந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்வதுதான் முதல் பாடம். தன் நாட்டில் எல்லாம் தெரிந்தவராக வளர்ந்த ஒருவர், இங்கே வாளித் தண்ணீரில் குளிப்பதைக்கூடப் புதிதாகக் கற்க வேண்டும். கழிப்பறைக்குக் கெண்டி போன்ற பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். தமிழ் வாசகருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. காகிதத்தோடு வளர்ந்தவருக்கு அது பெரிய மாற்றம்.

ஒரே தட்டு

மதியச் சாப்பாடு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பிற்பகல் இரண்டு மணி அளவில் பாய் விரிப்பார்கள். நடுவில் ஓர் அகலத் தட்டு. பெரியவர்களும் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றி உட்காருவார்கள். வீடு பெரியதானால் ஆண்களுக்கு ஒரு தட்டு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் தட்டில் தன் முன்னால் இருக்கும் பகுதிதான் எல்லை. கை எதிர்ப்பக்கம் போகக் கூடாது. வலது கையால் சோற்றை அள்ளி உருட்டி வாயில் போட வேண்டும். தெரியாதவருக்குக் கரண்டி கொடுப்பார்கள். மீனும் காய்கறியும் நடுவில் இருக்கும். அவற்றை யாரும் தானாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு அம்மா விரலால் மீனைப் பிட்டு, முள் நீக்கி, ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவார். விருந்தாளிப் பிள்ளையின் பக்கம் நல்ல துண்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலும் அந்தத் தட்டில் இருப்பது செபு ஜென், மீனும் சோறும். மீனைக் கீறி, பூண்டும் மிளகாயும் தழையும் சேர்த்து இடித்த விழுதை அடைத்துப் பொரிப்பார்கள். தக்காளி விழுதும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து, அதில் முட்டைக்கோஸ், கேரட், மரவள்ளிக் கிழங்கு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் வேகவைத்து எடுத்துவிட்டு, அந்தக் குழம்பிலேயே அரிசியைப் போட்டு வேகவிடுவார்கள். மேலே கொஞ்சம் புளி. அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி ஓரத்தில் வைப்பார்கள். அதற்குப் போட்டி நடக்கும். 2021-இல் யுனெஸ்கோ இந்த உணவுமுறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அந்த அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அது நொய். முழு அரிசியைவிட நொய்யைத்தான் செனகல் மக்கள் விரும்புகிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து நொய்யரிசியைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதிலிருந்து வந்த பழக்கம். பின்னாளில் அந்த நொய்யில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போகத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் இந்தியா நொய்யரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது கவலைப்பட்ட நாடுகளில் செனகலும் ஒன்று. நம் ஊரில் கஞ்சிக்கும் கோழித் தீவனத்துக்கும் என்று ஒதுக்குவது அங்கே விருந்தாகிறது.

தட்டில் சாப்பிட்டு முடித்தவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, எழுந்துவிடலாம். ஆனால் அவ்வளவு எளிதாக விடமாட்டார்கள். போதும் என்றால் ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று குரல் எழும். மறுபடி போதும் என்றால் மறுபடி அதே குரல். சாப்பாட்டு நேரத்தில் வாசல் வழியே யார் போனாலும் கூப்பிடுவார்கள், முன்பின் அறியாதவரானாலும். அவர் உட்கார்ந்தால் தட்டைச் சுற்றி இன்னும் கொஞ்சம் நெருங்கிக்கொள்வார்கள். தனித் தட்டில் தனக்கென்று அளந்து வைத்துச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்பது அதிகம். அடுத்தவர் வேகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனக்குத் தரப்பட்ட நல்ல துண்டு இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன துண்டு என்பது சில நாட்களில் புரியும். இதைப் புரிந்துகொண்ட ஒருவர்தான் நாளைக்கு ஒரு கிராமத்துக்குப் போய்க் குழந்தைகளின் சத்துக்குறைவைப் பற்றித் தாய்மார்களிடம் பேசத் தகுதி பெறுகிறார்.

மூன்று சுற்றுத் தேநீர்

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தாயா. சீனப் பச்சைத் தேயிலை, கை நிறையச் சர்க்கரை, புதினா. கரி அடுப்பில் சின்னக் கெட்டிலை வைத்துக் கொதிக்கவிடுவார்கள். கண்ணாடிக் குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரத் தூக்கி ஆற்றி ஆற்றி நுரை கட்டவைப்பார்கள். நுரை இல்லாமல் தேநீர் கொடுப்பது மரியாதை ஆகாது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சுற்று. முதல் சுற்று கசக்கும், அடுத்தது கொஞ்சம் இனிக்கும், மூன்றாவது நல்ல இனிப்பு. மூன்றும் முடிய இரண்டு மணி நேரம்கூட ஆகும்.

பயிற்சிக்கு வந்தவருக்கு ஆரம்பத்தில் இது நேரவிரயமாகத் தெரியும். மறுநாள் பாடம் படிக்க வேண்டும், வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும். ஆனால் அங்கே பேசும் வோலோஃப் மொழி நடமாடுவதே இந்தக் கரி அடுப்பைச் சுற்றித்தான். வகுப்பில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசுகிற வோலோஃப் வேறு. கால்பந்தையும் கடலை விலையையும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தையும் பற்றி நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற வோலோஃப் வேறு. பயிற்சி முடிவில் நேர்காணல் முறையில் மொழித் தேர்வு உண்டு. நாள்தோறும் அத்தாயாவுக்கு உட்கார்ந்தவர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

முகமனும் அப்படித்தான். தெருவில் ஒருவரைப் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போவது அங்கே அவமதிப்பு. நலமா, இரவு நன்றாகத் தூங்கினாயா, வீட்டில் எல்லோரும் நலமா, அம்மா எப்படி இருக்கிறார், வேலை எப்படி, வெயில் எப்படி என்று கேட்டுப் பதில் சொல்லி, பதிலுக்குக் கேட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டே இதெல்லாம் நடக்கும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறவரை வீட்டு அம்மா திரும்பக் கூப்பிட்டு, ‘பாட்டிக்குச் சொல்லிவிட்டாயா?’ என்று கேட்பார். சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டாம் மாதத்தில் தெருவே வந்தவரைப் பெயர் சொல்லி அழைக்கும்.

அந்தப் பெயர் குடும்பம் வைத்தது. வந்த முதல் சில நாட்களிலேயே வீட்டில் யாராவது ஒருவரின் பெயரை வைத்துவிடுவார்கள். பாட்டியின் பெயரென்றால் வந்தவளுக்கும் பாட்டிக்கும் அன்றிலிருந்து தனி உறவு. சின்னச் சின்னப் பரிசுகள் கை மாறும். கூடவே குடும்பப் பெயரும் சேரும். அதில்தான் விளையாட்டு. ஜோப் குடும்பத்தாரும் ந்ஜாய் குடும்பத்தாரும் ஒருவரையொருவர் கேலி செய்வது பல தலைமுறைப் பழக்கம். சந்தையில் முன்பின் தெரியாத ஒரு ந்ஜாய், ‘நீ ஜோப்பா? ஜோப் ஆட்கள் சோற்றுக்குப் பறப்பவர்கள்’ என்பார். கோபப்படக் கூடாது, ‘சோறு கண்டால் விடாதவர்கள் நீங்கள்தான்’ என்று திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு பதிலில் காய்கறி விலைகூடக் குறையும். வெள்ளையரைக் கண்டால் ‘தூபாப்’ என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவரும் சிறுவர்களும், பெயர் தெரிந்த பிறகு பெயர் சொல்லித்தான் ஓடிவருவார்கள்.

கதவு சாத்தினால் கவலை

எல்லாம் இனிமை என்று எழுதினால் பொய்யாகிவிடும். வந்தவர்களை அதிகம் வாட்டுவது உணவோ வெயிலோ இல்லை, தனிமை கிடைக்காததுதான். நாள் முழுக்கப் புரியாத மொழியைக் கேட்டுத் தலை கனத்து, ஒரு மணி நேரம் அறைக் கதவைச் சாத்திப் படுத்தால் உடனே கதவு தட்டப்படும். உடம்பு சரியில்லையா? யாராவது ஏதாவது சொன்னார்களா? அம்மா ஞாபகமா? ஒருவர் தனியாக இருக்க விரும்புவார் என்பதே அந்த வீட்டில் புரியாத விஷயம். தனியாக இருப்பவர் துயரத்தில் இருப்பவர், அவரை அப்படி விடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். அதனால் ஒரு குழந்தையை உள்ளே அனுப்பிப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். எரிச்சலாக இருக்கும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து விழுந்த இரவில் அதே கதவு தட்டல் வேறாகத் தெரியும். அம்மா வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்.

வேறு இடறல்களும் உண்டு. பச்சைக் குழந்தையைத் தூக்கி, ‘எவ்வளவு அழகு, எவ்வளவு கொழுகொழு’ என்று சொல்லிவிட்டால் முகங்கள் மாறும். நாவேறு, கண்ணேறு பற்றிய அச்சம் அங்கேயும் உண்டு. யாராவது சட்டென்று ‘கார், கார்’ என்று சொல்லித் திருஷ்டி கழிப்பார்கள். பிள்ளைகளை ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணக் கூடாது. ஊருக்குப் போய்வந்தால் ‘எனக்கு என்ன கொண்டுவந்தாய்?’ என்று எல்லோரும் கேட்பார்கள். பேராசை என்று முதலில் தோன்றும். ஒரு கைப்பிடிக் கடலையைக் கொடுத்தாலும் அவர்களுக்கு நிறைவு. பயணத்தில் எங்களை நினைத்தாய் அல்லவா, அதுதான் கேள்வி. சாமான்கள் கேட்பது, கைபேசியை எடுத்துப் பார்ப்பது போன்றவற்றில் எது அன்பு, எது அத்துமீறல் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். சில வீடுகளில் பொருத்தம் அமையாமல் பயிற்சியாளரை வேறு குடும்பத்துக்கு மாற்றுவதும் நடக்கும். அது யாருடைய குற்றமும் இல்லை.

இந்த மூன்று மாதச் சுமையில் பெரும்பங்கு பெண்கள் தலையில் விழுகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கூடுதலாக ஒரு வாளித் தண்ணீர், கூடுதலாக ஒரு வயிறு, இரவில் ஒரு கண் அந்த அறைமேல். அமைப்பு தரும் தொகை சாப்பாட்டுக்கு. இந்தக் கவனிப்புக்கு விலை போட்டவர் யாருமில்லை. பயிற்சி முடிந்து தொண்டர்கள் உறுதிமொழி எடுக்கும் விழாவில் அமெரிக்கத் தூதர் பேசுவார், அதிகாரிகள் பேசுவார்கள். வீட்டு அம்மாக்கள் தைத்துப் போட்ட புது உடையில்தான் தொண்டர்கள் மேடையில் நிற்பார்கள். அந்த அம்மாக்களையும் பயிற்றுநர்கள் என்றே பட்டியலில் எழுத வேண்டும்.

குடும்பத்தோடு தங்கிப் பயிலும் யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. பீஸ் கோரின் முதல் இயக்குநர் சார்ஜென்ட் ஷ்ரைவர், கென்னடியின் தங்கை கணவர். டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் 1932-இல் தொடங்கிய ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ அமைப்பின் வழியாக, கல்லூரி நாட்களில் ஐரோப்பாவுக்குப் போய்க் குடும்பத்தோடு தங்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் பீஸ் கோர் பயிற்சி அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில்தான் நடந்தது. கானாவுக்குப் போனவர்கள் பெர்க்லியிலும், கொலம்பியாவுக்குப் போனவர்கள் ரட்கர்ஸிலும் பாடம் படித்தார்கள். சிலரைப் புவேர்ட்டோ ரிக்கோவில் முகாமிட்டு மலையேறவும் கயிற்றில் இறங்கவும் வைத்தார்கள். மலையேறத் தெரிந்தவருக்கு, கிராமத்தில் ஒரு பாட்டி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பயிற்சி மெல்ல மெல்லப் பணி செய்யும் நாட்டுக்கே நகர்ந்து, கடைசியில் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது.

நீண்ட பயணம் புறப்படும் ஒருவரிடம் செனகல் மக்கள் இடது கையை நீட்டிக் கைகுலுக்குவார்கள். அது முறை தவறிய செயல். அந்தத் தவறைச் சரிசெய்யவாவது நீ திரும்பி வந்தாக வேண்டும் என்பது பொருள். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 7,000 பீஸ் கோர் தொண்டர்கள் ஒரே வீச்சில் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பீஸ் கோர் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பலருக்கு அந்த இடது கையைப் பிடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அதன் பிறகும் வாட்ஸ்அப்பில் அந்த அம்மாக்களோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சாப்பிட்டாயா?

இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். இன்று தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பயிற்சிக்காக வெளிநாடு போகும் பிள்ளைகள் ஏராளம். போய் இறங்கியதும் நம்மவர்கள் நான்கு பேர் சேர்ந்து வீடெடுத்து, சாம்பார் வைத்து, தமிழ்ப் படம் பார்த்துக் காலத்தை ஓட்டுவதுதான் வழக்கம். வசதியாக இருக்கும், செலவும் குறையும். ஆனால் போன நாட்டின் மொழி அலுவலகத்தோடு நின்றுவிடும். ஒரு குடும்பத்தோடு தங்கும் வாய்ப்பு ஒரு மாதத்துக்குக் கிடைத்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் பிள்ளை போனில் அழுதால், பெற்றோரே, உடனே அறை மாறச் சொல்லாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள் மதுரைக்காரர்களுக்கு. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் மதுரையில் தமிழ்ப் பயிற்சி நடத்துகிறது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கிப் படிக்கும் வழக்கம் அந்த நகரில் இருக்கிறது. உங்களிடம் ஓர் அறை இருந்து, யாராவது வந்து கேட்டால், சரி என்று சொல்லுங்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் பேசாதீர்கள். தமிழிலேயே பேசுங்கள், தவறு செய்தால் திருத்துங்கள், சமையற்கட்டுக்குள் கூப்பிட்டு வேலை கொடுங்கள்.